அலமாரியிலும் ஃப்ரீசரிலும் இருப்பதைக் கொண்டு அரை மணி நேரத்தில் குடும்பத்துக்கான பாஸ்தா: முழுமையான வழிகாட்டி

பாஸ்தா வெந்து வடிதட்டில் கிடக்க, சாஸ் இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தால், அந்த இரவுணவின் பாதிச் சுவை அப்போதே போய்விடுகிறது. வடிதட்டில் ஐந்து நிமிடம் கிடக்கும் பாஸ்தாவின் மேலுள்ள மாவுச்சத்து ஆறி இறுகி, ஒரு துண்டை இன்னொன்றோடு ஒட்டவைத்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல சாஸை ஊற்றினாலும் அது தட்டின் அடியில் தேங்குமே தவிர, பாஸ்தாவைப் பற்றிக்கொள்ளாது. சாஸ் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம். பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கலாகாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களைக் கொண்டு நான்கு பேருக்கான இரவுணவை முப்பது நிமிடங்களுக்குள் முடிப்பதற்கான இந்த வழிகாட்டியில் வரும் அளவுகளும் நேரங்களும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகவே சொல்லப்படுகின்றன.

அலமாரியில் இருக்க வேண்டியவை

பாஸ்தா வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பி, அதில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இத்தாலியில் 1967ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் உலர் பாஸ்தாவுக்கு இந்தக் கோதுமையையே கட்டாயமாக்கியது. இதன் புரதம் வேகும்போது வலைபோல் இறுகி மாவுச்சத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால், பாஸ்தா வெந்த பிறகும் கடிபடும் பதத்தில் நிற்கிறது. மைதாவில் செய்த பாஸ்தாவோ, நீங்கள் ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பதற்குள் குழைந்துவிடும். 100 கிராமில் 13 கிராம் அல்லது அதற்கு மேல் புரதம் இருப்பதாக அச்சிட்டிருந்தால் அது நல்ல அடையாளம். அதுபோலவே, மஞ்சளாகப் பளபளக்கும் பாஸ்தாவைவிட, வெளிறி, மாவு பூத்தாற்போல் சொரசொரப்பாக இருக்கும் பாஸ்தா சாஸை நன்றாகப் பிடிக்கும்; வெண்கல அச்சில் பிழிந்து, குறைந்த வெப்பத்தில் நிதானமாக உலர்த்தியதால் வந்த தோற்றம் அது.

எல்லா வடிவங்களையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. எண்ணெய் சார்ந்த மெல்லிய சாஸுக்கு நீண்ட இழைகளான ஸ்பகெட்டி, துண்டுகள் உள்ள கெட்டிச் சாஸுக்குக் குழல் வடிவப் பென்னே அல்லது திருகு வடிவ ஃபூசில்லி, பருப்பு வகைகளோடு சேர்த்துக் குழம்பு போல் செய்வதற்குச் சிறிய மக்ரோனி என்று மூன்று வகைகள் இருந்தால் போதும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இவை ஓராண்டுக்கு மேலும் கெடாமல் இருக்கும். முழுக் கோதுமைப் பாஸ்தாவை மட்டும் சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், ஏனெனில் தவிட்டிலும் முளையிலும் உள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடித்துவிடும்.

அடுத்து, தோலுரித்த முழுத் தக்காளி டின்கள். துண்டுகளாக நறுக்கி அடைத்த டின்கள் வசதியாகத் தோன்றினாலும், துண்டுகள் கரையாமல் நிற்பதற்காக அவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அவை மசிந்து சாஸாக மாறாமல் தனித்தனியாகவே நிற்கும். முழுத் தக்காளியைக் கையால் பிசைந்து சேர்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. இவற்றோடு தக்காளிப் பேஸ்ட், கொண்டைக்கடலை அல்லது வெள்ளை பீன்ஸ் டின்கள், எண்ணெயில் அடைத்த டூனா மீன், ஒரு பாட்டில் ஆலிவ் காய் அல்லது கேப்பர் (ஊறுகாய் போல் பதப்படுத்திய சிறு பூமொட்டு), சில்லி ஃப்ளேக்ஸ், ஆலிவ் எண்ணெய், பூண்டு, வெங்காயம், குளிர்பெட்டியில் ஒரு துண்டு பார்மேசன் போன்ற கெட்டியான சீஸ் ஆகியவை இருந்தால், பின்னால் வரும் எல்லா வகைகளையும் செய்துவிடலாம்.

சீஸைத் துண்டாக வாங்கித் தேவைப்படும்போது துருவிக்கொள்ளுங்கள். துருவி அடைத்து விற்கப்படும் சீஸ் கட்டி தட்டாமல் இருப்பதற்காக அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ கலந்திருப்பார்கள். அது சாஸில் வழவழப்பாகக் கரைய மறுக்கும்.

ஃப்ரீசரை எப்படி நிரப்புவது

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருந்தால் உள்ளே உள்ள உணவு கெட்டுப்போவதில்லை. காலப்போக்கில் மணமும் மென்மையும் மட்டுமே குறைகின்றன. எனவே என்ன வைக்கிறோம் என்பதைவிட, எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பதில்தான் இரவுணவின் வேகம் இருக்கிறது. அரைக் கிலோ கொத்துக்கறியை உருண்டையாக உறையவைத்தால், அதை இளக்குவதற்கே மாலை முழுவதும் போய்விடும். அதையே ஒரு பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக அழுத்தி உறையவைத்தால், பையோடு குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து அரை மணி நேரத்துக்குள் இளக்கிவிடலாம். கறியோ மீனோ எதுவானாலும் சமையல் மேடையில் வெளியே வைத்து இளக்கக் கூடாது. உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் கிருமிகள் பெருகும் வெப்பத்துக்கு வந்துவிடும்.

டின்னில் மிஞ்சும் தக்காளிப் பேஸ்ட்டை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தாளில் இட்டு உறையவைத்து, பிறகு ஒரே பையில் சேர்த்துவிடுங்கள். பேசில், பார்ஸ்லி போன்ற இலைகளை நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் போட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி உறையவைத்தால் ஒரு குழி ஒரு சாஸுக்குச் சரியாக இருக்கும். பூண்டை எண்ணெயில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறை வெப்பத்தில் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பூண்டில், காற்றில்லாத சூழலில் வளரும் கிருமியால் போட்டுலிசம் நஞ்சு உருவாகக்கூடும். அதன் மணத்தைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ நஞ்சைக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே பூண்டு எண்ணெயை ஃப்ரீசரில் மட்டுமே சேமியுங்கள்.

காய்ந்துபோன ரொட்டியைத் தூக்கிப் போடாமல் பொடித்து உறையவைப்பது எனக்கு மிகவும் பிடித்த சேமிப்பு. இந்தத் தூளைச் சிறிது எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவுவது தென் இத்தாலியின் பழைய வழக்கம். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் சீஸின் இடத்தில் அதுவே இருந்தது. மெத்தென்ற பாஸ்தாவுக்கு நடுவே அது தரும் மொறுமொறுப்பைச் சீஸால் தர முடியாது.

பட்டாணி, கீரை, இறால் ஆகியவை பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாணி உறையவைக்கப்படுவதற்கு முன்பே கொதிநீரில் சிறிது வெந்திருக்கும் என்பதால், அதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் தேவைப்படாது. கீரையை இளக்கியதும் கையால் இறுகப் பிழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் நீர் சாஸை நீர்த்துப்போகச் செய்துவிடும். இறாலைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் இட்டால் போதும்.

வேகவைத்தல்

பெரியவர் ஒருவருக்கு 100 கிராம், சிறு குழந்தைக்கு 50 முதல் 60 கிராம் உலர் பாஸ்தா என்று கணக்கிடுங்கள். வெந்த பிறகு எடை ஏறக்குறைய இரு மடங்காகும். நான்கு பேருக்கான 400 கிராமுக்கு நான்கு லிட்டர் நீர் என்பதே நூல்களில் காணப்படும் அளவு. ஆனால் முதல் இரண்டு நிமிடங்கள் விடாமல் கிளறுவீர்களானால் மூன்று லிட்டரே போதும். நீர் குறைவாக இருந்தால் கொதி சீக்கிரம் வரும் என்பது ஒரு நன்மை. பாஸ்தாவிலிருந்து வெளியேறும் மாவுச்சத்து அதில் செறிவாகக் கலந்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய நன்மை.

லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமான தூளுப்பைச் சேருங்கள். அளவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். வேகும்போது உள்ளே ஏறாத உப்பைப் பிறகு சாஸில் சேர்த்து ஈடுசெய்ய முடியாது. ஆலிவ், கேப்பர், உப்பு மீன், நிறைய சீஸ் ஆகியவை சேரும் நாள்களில் மட்டும் லிட்டருக்கு 7 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீரில் எண்ணெய் ஊற்றினால் பாஸ்தா ஒட்டாது என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். எண்ணெய் நீரின் மேலே மிதக்கிறதே தவிர, அடியில் வேகும் பாஸ்தாவைத் தொடுவதே இல்லை. வடிக்கும்போது அதன் மேல் படிந்து, சாஸை வழுக்கிவிடச் செய்வது மட்டுமே அதன் விளைவு. ஒட்டுவதைத் தடுப்பது கிளறுவதுதான். மேற்பரப்பின் மாவுச்சத்து இளகிப் பசைபோல் இருக்கும் முதல் இரண்டு நிமிடங்களைக் கடந்துவிட்டால், பிறகு அவ்வப்போது ஒரு முறை கிளறினாலே போதும். வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் கழுவுவதும் தேவையற்றது. குளிர்ந்த சாலட்டுக்கு மட்டுமே அது பொருந்தும்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடங்கள் முன்னதாகவே ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளிப்புறம் மென்மையாகவும், நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைப் புள்ளியோடு பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டுவதாகவும் இருந்தால், வாணலிக்கு மாற்ற வேண்டிய பதம் அதுதான். பல்லுக்குப் படும்படி என்ற பொருளில் இத்தாலியர் அல் டென்டே என்று சொல்லும் பதம் இதற்கு அடுத்த நிலை. அதை வாணலியில்தான் எட்ட வேண்டும். வடிப்பதற்கு முன் இரண்டு கப் வடிநீரை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இதை மறந்து, எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிடுவதுதான் வீடுகளில் மிகுதியாக நடக்கும் தவறு. வடிதட்டின் உள்ளேயே ஒரு குவளையை முன்கூட்டியே வைத்துவிட்டால் அது கண்ணில் பட்டு நினைவூட்டும்.

வாணலியில் கடைசி இரண்டு நிமிடங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சாஸ் தயாராக இருக்கும் அகலமான வாணலியை மிதமான தீயில் வைத்து, வடித்த பாஸ்தாவை நேராக அதில் சேர்த்து, அரைக் கப் வடிநீரை ஊற்றி, தீயைக் கூட்டி, வாணலியைக் குலுக்கியும் கிளறியும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடங்கள் வேகவிடுங்கள். அப்போது மூன்று செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: பாஸ்தா வெறும் நீருக்குப் பதிலாகச் சாஸை உறிஞ்சிக்கொண்டு வெந்து முடிகிறது; வடிநீரில் உள்ள மாவுச்சத்து சாஸைக் கெட்டிப்படுத்துகிறது; அதே மாவுச்சத்து, இயல்பாகப் பிரிந்து நிற்கும் எண்ணெயையும் நீரையும் ஒன்றாகப் பிணைத்துப் பால்போன்ற குழம்பாக்குகிறது.

வாணலியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால், அந்த இடைவெளி ஒரு விநாடி நின்று மெதுவாக மூடிக்கொள்ள வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் சுண்ட வேண்டும். மூடாமலே இருந்தால் இன்னொரு கரண்டி வடிநீர் தேவை. தட்டுக்குப் போனபின் பாஸ்தா மேலும் நீரை இழுக்கும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுவது நல்லது. சீஸைத் தீயை அணைத்து அரை நிமிடம் கழித்தே சேர்க்க வேண்டும். கொதிக்கும் சாஸில் விழும் சீஸின் புரதம் சுருங்கி, எண்ணெயைக் கக்கி, நூல்நூலாகத் திரண்டுவிடும்.

எதைச் சமைப்பது

மிக எளியது பூண்டும் எண்ணெயும் சேர்ந்த ஸ்பகெட்டி அல்யோ எ ஓலியோ. எளியது என்பதாலேயே தவறுக்கு இடம் தராதது. ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைக் குளிர்ந்த வாணலியில் ஊற்றி, மெல்லிய வில்லைகளாக நறுக்கிய எட்டுப் பூண்டுப் பற்களை அதில் போட்ட பிறகே அடுப்பைச் சிறு தீயில் பற்றவையுங்கள். எண்ணெயும் பூண்டும் சேர்ந்தே சூடாவதால் மணம் முழுவதும் எண்ணெயில் இறங்கும். வில்லைகளின் ஓரம் வெளிர்ப் பொன்னிறமாகத் தொடங்கியதும் ஒரு தேக்கரண்டி சில்லி ஃப்ளேக்ஸைச் சேர்த்து, உடனே ஒரு கரண்டி வடிநீரை ஊற்றிச் சூட்டைத் தணித்துவிடுங்கள். பூண்டு பழுப்பாகிவிட்டால் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. இந்த ஒரு வகைக்குப் பாஸ்தா பாதி வெந்தபின் சாஸைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும். மேலே வறுத்த ரொட்டித் தூளைத் தூவிப் பரிமாறுங்கள்.

தக்காளிச் சாஸுக்கு, நீரை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே தொடங்குங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பேஸ்ட்டைச் சேர்த்து, அதன் பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறமாக மாறும்வரை இரண்டு மூன்று நிமிடங்கள் எண்ணெயில் பிரட்டுங்கள். டின்னின் பச்சை வாடை போய் இனிப்பும் ஆழமும் வருவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இதை அவசரப்படுத்தலாகாது. பிறகு 400 கிராம் டின் இரண்டைக் கையால் பிசைந்து சேர்த்து, மூடாமல் பதினைந்து நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நின்றால் சாஸ் தயார். புளிப்பு மிகுந்திருந்தால் பலரும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். சர்க்கரை புளிப்பை மறைக்கிறதே தவிரக் குறைப்பதில்லை. கால் தேக்கரண்டிக்கும் குறைவான சமையல் சோடாவைத் தூவினால் நுரைத்து அடங்கி, புளிப்பு உண்மையாகவே தணியும். அதற்கு மேல் சேர்த்தால் சோப்பு வாடை வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே சாஸ் பல வகைகளுக்கு அடித்தளமாகும். இளக்கிய கொத்துக்கறியை முதலில் தனியே பரப்பி, நீர் முழுவதும் வற்றி அடியில் சிவக்கும்வரை வறுத்துவிட்டு, அதன் மேல் வெங்காயத்தைச் சேர்த்துத் தொடர்ந்தால் கறிச் சாஸாகிவிடும். ஒரு டின் தக்காளியோடு நிறுத்திக்கொண்டு, இறக்கும் நேரத்தில் டூனாவையும் இரண்டு மேசைக்கரண்டி கேப்பரையும் சேர்த்தால் மீன் சாஸ். டூனா டின்னுக்குள்ளேயே வெந்துவிட்டதால் அதைக் கொதிக்கவைத்தால் நார்நாராக வறண்டுவிடும். இறாலாக இருந்தால் தனியே பக்கத்துக்கு ஒரு நிமிடம் வதக்கி எடுத்து வைத்து, கடைசியில் திரும்பச் சேருங்கள். அரைவட்டமாக வளைந்தால் வெந்தது, முழுவட்டமாகச் சுருண்டால் அளவுக்கு மீறியது.

குழந்தைகள் விரும்பி உண்பது பட்டாணியும் சீஸும் சேர்ந்த பென்னே. இதற்குச் சாஸ் என்று தனியே எதுவும் தேவையில்லை. பாஸ்தாவை வடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னதாக, ஃப்ரீசரிலிருந்து எடுத்த 250 கிராம் பட்டாணியை அதே பாத்திரத்தில் கொட்டி, மீண்டும் கொதித்ததும் இரண்டையும் சேர்த்தே வடித்து, வாணலியில் 60 கிராம் வெண்ணெயும் ஒரு கப் வடிநீரும் சேர்த்துக் குலுக்கி, தீயை அணைத்து 80 கிராம் துருவிய சீஸைக் கலக்க வேண்டும். பிழிந்த கீரையையும் இதே முறையில் சேர்க்கலாம்.

ஒரே பாத்திரத்தில் முடிப்பதற்குக் கொண்டைக்கடலைப் பாஸ்தாவைவிடச் சிறந்ததில்லை. இத்தாலியில் பாஸ்தா எ சேச்சி என்று அழைக்கப்படும் இது, பாஸ்தாவும் குழம்பும் கலந்த நிலையில் கிண்ணத்தில் கரண்டியால் உண்பது. பூண்டையும் தக்காளிப் பேஸ்ட்டையும் எண்ணெயில் பிரட்டி, வடித்த இரண்டு டின் கடலையைச் சேர்த்து, பாதியைக் கரண்டியின் முதுகால் மசித்துவிட்டு, ஒன்றேகால் லிட்டர் கொதிநீரையும் 250 கிராம் சிறிய மக்ரோனியையும் சேருங்கள். இங்கே நீரை வடிப்பதில்லை என்பதால் உப்பைக் குறைவாகச் சேர்த்துச் சுவைத்துக் கூட்ட வேண்டும். மாவுச்சத்து முழுவதும் பாத்திரத்திலேயே தங்குவதால் அடிபிடிக்கும். அருகிலேயே நின்று கிளறிக்கொண்டிருங்கள். டின்னுக்குப் பதிலாகக் காய்ந்த ராஜ்மாவைப் பயன்படுத்துவோர், இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது பத்து நிமிடங்களாவது நன்கு கொதிக்கவைத்த பிறகே மேற்கொண்டு மிருதுவாகும்வரை வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும்.

மிஞ்சியவற்றை என்ன செய்வது

சமைத்த பாஸ்தாவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். சூடுபடுத்தும்போது வெறுமனே வாணலியில் போட்டால் காய்ந்துவிடும். நான்கு மேசைக்கரண்டி நீரைத் தெளித்து, மூடிவைத்து, சிறு தீயில் ஆவி ஏறவிட்டால் சாஸ் மறுபடியும் இளகி வரும். சீஸ் சேர்ந்த வகைகளுக்கு நீருக்குப் பதில் பால் ஏற்றது. மிஞ்சிய ஸ்பகெட்டியை நான்கு முட்டைகளோடு கலந்து தட்டையாக ஊற்றி, இருபுறமும் சிவக்கப் பொரித்தால் அது மறுநாளைக்கு இன்னொரு உணவாகிவிடும்.

உறையவைப்பதாக இருந்தால் பாஸ்தாவைத் தவிர்த்துச் சாஸை மட்டும் உறையவையுங்கள். உறைந்து இளகிய பாஸ்தா தன் பதத்தை இழந்துவிடும். தக்காளிச் சாஸைச் செய்யும்போதே இரட்டிப்பாகச் செய்து, பாதியை ஆறவிட்டு, உறையும்போது விரிவதற்காக மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு டப்பாவில் அடைத்து, தேதியையும் அளவையும் மூடியில் எழுதிவிடுங்கள். மூன்று மாதங்கள்வரை அதன் சுவை குன்றாது. தேவைப்படும் மாலையில் டப்பாவின் வெளிப்புறத்தில் வெந்நீர் காட்டிச் சாஸ் கட்டியை வாணலிக்குள் நழுவவிட்டு, மூடி, சிறு தீயில் வைத்துவிட்டு, அதன் பிறகு பாஸ்தாவுக்கான நீரை ஏற்றுங்கள். நீர் கொதித்துப் பாஸ்தா வெந்து முடிவதற்குள் சாஸ் இளகிக் கொதித்துக் காத்திருக்கும்.